மரத்தண்டில் ஓடும் புலி வண்டைக் காண்பது எப்படி

புலி வண்டு என்றதும் மணலில் விரைந்தோடி, ஆள் நெருங்கினால் பறந்து சற்றுத் தள்ளி இறங்கும் பூச்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். இலங்கை முதல் நியூ கினி வரையுள்ள வெப்பமண்டலக் காடுகளில் வாழும் டிரைகாண்டைலா பேரினத்து வண்டுகளோ மரத்தண்டிலேயே வேட்டையாடுபவை; அவற்றால் பறக்கவும் இயலாது. 1790இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஒலிவியே விவரித்த டிரைகாண்டைலா ஆப்டெராவின் பெயரிலேயே ‘சிறகற்றது’ என்ற பொருள் உண்டு.

மழை விட்டு, பட்டையின் ஈரம் உலர்ந்த பகல் வேளையில் செல்லுங்கள். அடிமரத்தைத் தொடாமல், முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை நிதானமாகக் கண்ணோட்டுங்கள். ஒல்லியான, கரிய, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீள உடல் ஒன்று விட்டுவிட்டு ஓடுவதைக் கண்டால், பெரிய எறும்பு என்றே முதலில் தோன்றும். உணர்கொம்பைக் கவனியுங்கள்: எறும்புக்கு அது முழங்கைபோல் மடிந்திருக்கும், வண்டுக்கு நூல்போல் நீண்டிருக்கும். பக்கவாட்டில் புடைத்த கண்களும் அரிவாள்போல் வளைந்த தாடைகளும் மீதி ஐயத்தைத் தீர்த்துவிடும். இவ்வண்டைப் போலவே தோன்றும், வெட்டுக்கிளிக்கு உறவான ஒரு பூச்சியை, அனுபவமிக்க பூச்சியியலாளரான பேராசிரியர் வெஸ்ட்வுட்டே புலி வண்டுகளோடு சேர்த்துத் தம் சேகரிப்புப் பேழையில் நெடுங்காலம் வைத்திருந்தார் என்று இயற்கையியலாளர் வாலஸ் எழுதியிருக்கிறார். ஆகவே ஏமாந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பதைவிடக் கடினம், அதைக் கண்ணில் வைத்திருப்பது. நிழல் பட்டதும் அது அணிலைப் போலத் தண்டின் மறுபக்கம் போய்விடும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். எனவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் மறுபக்கத்திலிருந்து மெல்ல நெருங்க, நீங்கள் கேமராவை முன்கூட்டியே பட்டையில் குவித்து அசையாமல் நின்றால், வண்டு தானாகவே உங்கள் பக்கம் வந்துசேரும். கையால் பிடிக்க முயலாதீர்கள். அந்தத் தாடைகள் நன்றாகவே கடிக்கும்.

இதன் நெருங்கிய உறவான நியோகாலிரிஸ் வண்டுகளின் புழுக்கள் மரக்குச்சிகளுக்குள் வாழ்கின்றன. ஜாவாவில் காப்பிச் செடியின் கிளைகளிலும் இத்தகைய புழுக்கள் காணப்பட்டுள்ளன. குச்சியில் வட்டமான சிறு துளை தென்பட்டால் ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்க வேண்டாம், ஏனெனில் முதுகுத் திமிலின் கொக்கிகளால் சுவரைப் பற்றிக்கொண்டு புழு உள்ளே ஒடுங்கிவிடும். சற்று விலகிக் காத்திருங்கள். அதன் தட்டையான தலை மெல்ல மேலேறி, துளைக்கு மூடிபோல் வந்து பொருந்தும்.