எகிப்தியக் கடவுளரைக் கல்லில் வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பட்டறையில் ஒரு பையன் நரித்தலைக் கடவுள் அனுபிஸை வெட்டிக்கொண்டிருந்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. உளி வழுக்குவது, முனை உடைவதெல்லாம் கை பழகினால் சரியாகிவிடும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பின்னணியை வெட்டித் தள்ளுவது

எகிப்தியப் புடைப்பு வேலையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், சுற்றியுள்ள கல்லை எடுத்துவிடுவார்கள். உருவம் எழுந்து நிற்கும். மற்றதில் சுற்றியுள்ள கல்லைத் தொடவே மாட்டார்கள். வெளிக்கோட்டை ஆழமாக வெட்டி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உருவத்தைத் திரட்டுவார்கள். மூக்கு நுனிகூடப் பலகையின் மேல்மட்டத்தைத் தாண்டாது.

எனக்கு அப்போது முதல் வகைதான் தெரியும். தோட்டத்துச் சுவருக்கு ராஜாளித்தலைக் கடவுள் ஹோரஸ் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நல்ல சுண்ணாம்புக்கல் பலகை. 12 நாள் உட்கார்ந்து பின்னணியை எடுத்தேன். பட்டறை விளக்கில் அந்த ராஜாளி முகம் அவ்வளவு அழகு. சுவரில் பதித்து உச்சிவெயிலில் பார்த்தால் அலகையும் காணோம், கண்ணையும் காணோம். எல்லாம் ஒரே வெளுப்பு. எடுத்த கல்லைத் திரும்ப ஒட்டவா முடியும்? பலகையும் போனது, கூலியும் போனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எகிப்தியச் சிற்பிகள் வெயில் விழும் வெளிச்சுவர்களில் பெரும்பாலும் பள்ளமாக வெட்டினார்கள். இருண்ட உள்ளறைகளில் எழுப்பி வெட்டினார்கள். பள்ளத்தின் விளிம்பில் விழும் நிழல், மையால் இழுத்த கோடு மாதிரி உருவத்தைப் பிடித்து நிறுத்தும். கர்நாக் கோயிலின் தூண் மண்டபத்தில் இரண்டையும் பார்க்கலாம்: வடபாதியில் மன்னன் முதலாம் சேத்தியின் எழுப்பிய வேலை, தென்பாதியில் மகன் இரண்டாம் ராம்சேஸின் பள்ள வேலை. மெதினெத் ஹாபு கோயிலில் மூன்றாம் ராம்சேஸ் வெட்டுவித்த சித்திர எழுத்துகளில் சிலவற்றுக்குள் விரல்களே போகும்.

பையனின் அனுபிஸ் மொட்டைமாடிச் சுவருக்காம். காதோரம் ஒரு விரலகலம்தான் எடுத்திருந்தான். உளியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

கிரீடத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது

மாட்டுக் கொம்புக்கு நடுவே சூரியத் தட்டு வைத்த கிரீடம் ஹாத்தோர் தேவிக்கும் உண்டு, ஐசிஸ் தேவிக்கும் உண்டு. பக்கத்திலுள்ள எழுத்தைப் பாருங்கள். அரியணை வடிவம் இருந்தால் ஐசிஸ். கட்டத்துக்குள் ராஜாளி இருந்தால் ஹாத்தோர்.

எழுத்தின் திசை

உருவத்தை மறுபக்கம் திருப்பிவிட்டு எழுத்தைப் பழையபடியே வெட்டுகிறார்கள். கடவுளின் பெயரிலுள்ள பறவை, கடவுள் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும்.

தாடி

கடவுளுக்கு நுனி வளையும். ப்தா என்ற கடவுளுக்கு மட்டும் நேர்.