சண்டை மூட்டற எபிசோடுக்கு தீர்ப்பு சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்டர் ஹூன்ற பிரிட்டிஷ் டிவி சீரிஸ (காலத்துல பயணம் பண்ற டாக்டர்னு ஒருத்தர் கதை, அப்பப்ப முகம் மாறி புது நடிகர் வருவார்) இப்போதான் பாக்க ஆரம்பிச்சு, பார்த்த கையோட விமர்சனமும் எழுதற நாலஞ்சு பேரோட எழுத்த கொஞ்ச நாளா விடாம படிச்சுட்டு வர்றேன். நல்லாதான் எழுதறாங்க. ஆனா ரசிகர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கற எபிசோட் ஒண்ணு வந்துட்டா போதும், பத்து வருஷம் முன்னாடி நான் எங்க எங்க சறுக்கினேனோ அதே எடத்துல சறுக்கறாங்க. பேர தப்பா எழுதறது, அரைகுறையா பார்த்துட்டு எழுதறது இதெல்லாம் யாரும் சொல்லாமலே புரியும், அதுக்குள்ள போகல. கீழ சில எபிசோடோட முடிவு வரைக்கும் சொல்லியிருக்கேன், பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

மார்க்க முதல்ல பாக்கறது

மத்தவங்க போட்ட மார்க்க எழுதி முடிச்சப்புறம் பாருங்க.

ஒரு ஓட்டை கெடச்ச உடனே தீர்ப்ப எழுதிடறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

2014 அக்டோபர் 4ஆம் தேதி கில் த மூன் வந்துச்சு. பீட்டர் கப்பால்டி டாக்டரா வந்த முதல் சீசனோட ஏழாவது எபிசோட், எழுதினவர் பீட்டர் ஹார்னஸ். கதை 2049ல நடக்குது. நிலாவோட ஈர்ப்பு திடீர்னு கூடிடுச்சு, பூமியில கடல் பொங்குது, நிலாவ வெடிச்சு தகர்க்க அணுகுண்டோட லண்ட்விக்னு ஒரு விண்வெளி வீராங்கனை தலைமையில ஒரு குழு போகுது, அங்க போயி பார்த்தா நிலாவே ஒரு முட்டை, உள்ள ஒரு உயிர் வெளிய வர காத்திருக்கு. கொல்லலாமா வேணாமான்னு கேள்வி வரும்போது டாக்டர் "இது உங்க நிலா, நீங்களே முடிவு பண்ணுங்க"ன்ற மாதிரி சொல்லிட்டு தன் கால இயந்திரமான டார்டிஸ்ல ஏறி போயிடறார். அவர் கூட பயணம் பண்ற டீச்சர் க்ளாராவும் அவ ஸ்கூல் பொண்ணு கோர்ட்னியும் லண்ட்விக்கும் அங்கயே நிக்கறாங்க.

நான் அன்னிக்கு ராத்திரி எழுதின விமர்சனம் முழுக்க இயற்பியல்தான். நிலாவோட எடை பூமியோடதுல 81ல ஒரு பங்கு, ஈர்ப்பு ஆறுல ஒரு பங்கு, முட்டைக்குள்ள குஞ்சு வளர்ந்தா உள்ள இருக்கற சத்துதான் குஞ்சா மாறும், மொத்த எடை எங்கேர்ந்து கூடும், எடை கூடலன்னா ஈர்ப்பு எப்படி கூடும், பொறந்த நிமிஷமே தன் பங்குக்கு இன்னொரு நிலா சைஸ் முட்டைய எப்படி போடும். இதுல ஒரு வரி கூட தப்பில்ல, இன்னிக்கும் எதையும் வாபஸ் வாங்கல. ஆனா கடைசியில டார்டிஸுக்குள்ள க்ளாரா டாக்டர நேருக்கு நேரா நின்னு அழுதுகிட்டே திட்டற சீன் பத்தி ஒரு வார்த்தை எழுதல. ஓட்டை கெடச்சுருச்சு, அதோட நான் பாக்கறத நிறுத்திட்டேன், கண்ணு மட்டும் திரையில இருந்துச்சு.

இதுக்கு வெல குடுத்தது நான் இல்ல, என் பேச்ச நம்பின ஒரு ஃப்ரெண்ட். நான் சொல்லித்தான் சீரிஸே பாக்க ஆரம்பிச்சாங்க, அந்த சீசன் வரைக்கும் ஒண்ணு விடாம பார்த்துட்டு வந்தவங்ககிட்ட "அத விட்டுட்டு அடுத்ததுக்கு போயிடுங்க"ன்னு நான்தான் சொன்னேன். அடுத்த எபிசோட் மம்மி ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ், அது ஆரம்பிக்கறதே டாக்டரும் க்ளாராவும் சேர்ந்து போற கடைசி பயணம்னு. ஏன் கடைசி, என்ன ஆச்சு, அவ ஏன் இவ்ளோ வெறுப்பா பேசறான்னு அவங்களுக்கு ஒண்ணும் புரியல. அதுக்கப்புறம் ஃப்ளாட்லைன்ல க்ளாரா டாக்டர் வேலைய தானே எடுத்து செய்யறா, நிலாவுல தனியா விடப்பட்டவளா அவள பார்த்திருந்தாதான் அதுல கனம் தெரியும். அவங்க ரெண்டு எபிசோடோட நிறுத்திட்டாங்க, திரும்ப வரவே இல்ல. ஒரு சீசனோட அச்சாணிய கழட்டி ஓரமா வெச்சுட்டு வண்டி ஏன் ஓடலன்னு கேட்ட மாதிரி ஆயிடுச்சு. இன்னும் அத நினைச்சா எனக்கு கோவம் வரும், என் மேலதான்.

அறிவியல் ஓட்டை பத்தி பேசவே கூடாதுன்னு சொல்லல. ஆனா இந்த சீரிஸ் 1963ல ஆரம்பிச்சது, 1966லயே த டென்த் பிளானட்ல பூமியோட இரட்டை கிரகம்னு ஒண்ணு தானா மிதந்து வந்துச்சு, சைபர்மேன்ற இயந்திர மனுஷ வில்லனுங்க முதல்ல வந்ததே அதுலதான். இந்த ஓட்டையால எபிசோட் சொல்ல வந்த விஷயம் இடிஞ்சு விழுதா, அதத்தான் நீங்க கேக்கணும். நிலா முட்டையா இருக்கறதால டாக்டர் விட்டுட்டு போனதோட வலி குறையுதா? இல்லையே.

இடிஞ்சு விழற எடம் வேற. க்ளாரா பூமிக்கு ஒரு செய்தி அனுப்பறா, கொல்லணும்னா விளக்க அணைங்க, விடணும்னா எரிய விடுங்க. விளக்கு அணையுது. ஆனா அப்ப நிலாவ பார்த்து இருட்டுல இருக்கற பாதி பூமிதானே அதுல தெரியும், அணைச்சது ஜனங்களா இல்ல மின்சாரம் யார் கையில இருக்கோ அவங்களா? இத எபிசோட் கண்டுக்கவே இல்ல. அத விட பெருசு, க்ளாரா ஜனங்களோட அந்த முடிவ மீறி கடைசி நொடியில குண்ட நிறுத்தறா, உயிர் வெளிய வருது, ஓடு யாருக்கும் எந்த கெடுதலும் பண்ணாம கரைஞ்சு போகுது, புது நிலாவும் வந்துருது. கையில இருந்த தகவல வெச்சு பார்த்தா கொன்னுடணும்னு லண்ட்விக் சொன்னதுல நியாயம் இருந்துச்சு, கதை அவளுக்கு பதில் சொல்லாம அதிர்ஷ்டத்த வெச்சு வாய அடைச்சுடுது. நான் அன்னிக்கு எழுதியிருக்க வேண்டிய விமர்சனம் இதுதான்.

பக்கத்துல வெச்சு பாக்க சரியான எபிசோடும் சீரிஸுக்குள்ளயே இருந்துச்சு. 2010ல வந்த த பீஸ்ட் பிலோ. அங்கயும் ஒரு பெரிய உயிர் சிக்கியிருக்கு, அங்கயும் ஜனங்க ஓட்டு போடறாங்க, அங்கயும் ஒரு பொண்ணுதான் எல்லாரையும் மீறி பட்டன அமுக்கறா. ஆனா அங்க டாக்டரோட வந்த ஏமி கண்ணால பார்த்த சின்ன சின்ன விஷயத்தையெல்லாம் கோர்த்து, டாக்டருக்கே தோணாதத புரிஞ்சுகிட்டு அமுக்கறா, க்ளாராகிட்ட அப்படி ஒரு ஆதாரமும் இல்ல. இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சா முட்டை எடை பத்தி நான் எழுதின அத்தன பத்தியும் தேவையே இல்ல.

தயாரிப்பு நெருக்கடிய எழுத்தாளர் தலையில கட்றது

2006ல வந்த லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்ல டாக்டர் கொஞ்ச நேரம்தான் வருவார், "ஹீரோவே இல்லாம ஒரு எபிசோடா"ன்னு புதுசா வர்ற எல்லாரும் எழுதறாங்க. அந்த சமயத்துல படப்பிடிப்பு நாள் பத்தாததால ரெண்டு எபிசோட ஒரே நேரத்துல எடுத்தாங்க, அதுல ஒண்ணுக்கு அப்ப டாக்டரா நடிச்ச டேவிட் டெனன்ட்ட ரொம்ப பயன்படுத்த முடியாது. அடுத்த வருஷம் அதே மாதிரி டாக்டர் அதிகம் வராம எடுத்ததுதான் பிளிங்க், அத எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. டாக்டர் இல்லாதது குறையில்ல, அந்த எடத்த வெச்சு என்ன பண்ணாங்கன்னு பாருங்க. லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்ல எல்ட்டனும் அவன் நண்பர்களும் கூடி பாட்டு பாடற பாதி எனக்கு உயிர், அந்த பச்ச அரக்கன் வந்தப்புறம் சுருதி எறங்கிடுது. ரெண்டையும் ஒரே விமர்சனத்துல எழுதலாம், தப்பில்ல.

"வரலாற மாத்திட்டாங்க" ன்றத குறையா எழுதறது

டாக்டருக்கு நமக்கு தெரிஞ்ச முதல் முகத்துக்கு முன்னாடியே வேற முகங்கள் இருந்துச்சுன்னு சொன்ன, 2020ல வந்த த டைம்லெஸ் சில்ட்ரனுக்கு இதுதான் நடந்துச்சு. ஆனா முதல் டாக்டரா நடிச்ச ஹார்ட்னலுக்கு முன்னாடியே வேற முகம் இருந்திருக்கலாம்ன்ற குறிப்பு 1976ல த பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்லயே இருக்கு. மாத்தினது பிரச்சனை இல்ல, அந்த மாற்றத்த டாக்டரோட பழைய எதிரி மாஸ்டர் நின்னு பேசி பேசியே சொல்றதுதான் என் பிரச்சனை.

முதல் நாளே கடைசி தீர்ப்பு

வேணாம். ரெண்டு எபிசோட் தள்ளி எழுதுங்க.

கதாபாத்திரம் எடுத்த முடிவுக்கு மார்க் போடறது

இதுக்கு சீரிஸ் மாறி போறேன். ஸ்டார் ட்ரெக் வாயேஜர்ல 1996ல வந்த டூவிக்ஸ். ஆள எடம் விட்டு எடம் அனுப்பற ட்ரான்ஸ்போர்ட்டர் கோளாறுல கப்பல்ல இருக்கற டூவாக்கும் நீலிக்ஸும் ஒண்ணா கலந்து புது ஆள் ஒருத்தன் வர்றான், வாழணும்னு ஆசப்படறான், கேப்டன் ஜேன்வே அவன பிரிச்சு பழைய ரெண்டு பேரையும் கொண்டு வர்றாங்க. "கேப்டன் கொலகாரி, அதனால எபிசோட் குப்பை"ன்னு எழுதறவங்க இன்னும் இருக்காங்க, "செஞ்சது சரி, அதனால சூப்பர்"னு எழுதறவங்களும் இருக்காங்க. கப்பல் டாக்டரே மாட்டேன்னு விலகிடறார், ஜேன்வே தன் கையாலயே அத செய்யறாங்க, திரும்பி வந்த ரெண்டு பேரையும் வரவேற்கறாங்க, வெளிய காரிடார்ல நடக்கும்போது ஒரு வார்த்தை பேசல, கேமரா அவங்க முகத்துலயே நிக்குது. சரியா தப்பான்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த முகத்த இன்னொரு தடவ பாருங்க.