டேட்டா வேர்ஹவுஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர் வைக்கும் முறை, பேக்கப், பாஸ்வேர்டு இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இருக்கும். டேட்டா வேர்ஹவுஸ் (ரிப்போர்ட்டுக்காக எல்லாத் தரவையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் கிடங்கு) கட்டும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த இடத்திலேயே விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிரெய்னை முடிவு செய்யாமல் டேபிள் கட்டுவது

ஃபேக்ட் டேபிளில், அதாவது தொகை, எண்ணிக்கை போன்ற அளவுகள் இருக்கும் டேபிளில், ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? ஓர் ஆர்டரையா, அதற்குள் இருக்கும் ஒரு பொருளையா, ஒரு நாளின் இருப்பையா? இதுதான் கிரெய்ன். டேட்டா வேர்ஹவுஸ் வடிவமைப்புக்கு ரால்ஃப் கிம்பால் என்ற நிபுணர் வகுத்த நான்கு படிகளில் இது இரண்டாவது. டைமென்ஷனும் (யார், எங்கே, எப்போது போன்ற விவரங்கள்) ஃபேக்டும் (அளவுகள்) இதற்குப் பிறகுதான். நடப்பதோ தலைகீழ். கைக்குக் கிடைத்த ஃபீல்டுகளை ஒரே டேபிளில் கொட்டிவிட்டு, அப்புறம் யோசிக்கிறார்கள்.

ஒரு திட்டத்தில் பார்த்தது இது. ஆர்டர் டேபிளில் இருந்த டெலிவரி கட்டணத்தைப் பொருள்வாரி வரிசைகளோடு ஜாயின் செய்துவிட்டார்கள். கட்டணம் 60, ஆர்டரில் மூன்று பொருட்கள். மூன்று வரிசையிலும் 60 வந்து உட்கார, கூட்டினால் 180. யாரோ கண்டுபிடித்துச் சொன்னதும் சம்முக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு பல முறை வந்தாலும் ஒரு முறை மட்டும் எடுப்பது) போட்டார்கள். அந்த ஓர் ஆர்டரைச் சோதித்தால் 60 சரியாக வந்தது. ஆனால் மாத மொத்தத்தில், அதே 60 கட்டியிருந்த மற்ற ஆர்டர்களின் கட்டணம் மொத்தமாகக் காணாமல் போயிற்று. டிஸ்டிங்க்ட் தொகையைத்தான் பார்க்கும். யாருடைய ஆர்டர் என்று பார்க்காது. எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இங்கேதான். எந்த எர்ரரும் வராது, டேஷ்போர்டும் அழகாக ஓடும். கணக்குப் பிரிவின் தொகையோடு ஒப்பிடும்வரை தவறு வெளியே தெரியாது.

கட்டும் முன்பே ‘ஒரு வரிசை என்பது ஓர் ஆர்டரில் உள்ள ஒரு பொருள்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் கட்டாதீர்கள். அந்த வாக்கியத்துக்குள் அடங்காத தொகையை ஆர்டர் அளவிலான தனி ஃபேக்ட் டேபிளில் வையுங்கள். பொருட்களின் விலை விகிதத்தில் பிரித்தும் போடலாம். ஆனால் ரவுண்டிங்கில் மிஞ்சுவதை ஏதாவது ஒரு வரிசையில் சேர்க்காவிட்டால் மொத்தம் இடிக்கும். நான் தனி டேபிள் பக்கம்தான். எப்படிப் பிரிப்பது என்ற விவாதம் எந்தக் குழுவிலும் சீக்கிரம் முடிவதில்லை. ஒவ்வொரு ஜாயினுக்கும் முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணுங்கள். கிரெய்னுக்கான கீ (ஒரு வரிசையை அடையாளம் காட்டும் மதிப்பு) இரண்டு முறை வந்தால் லோடு (டேட்டாவை டேபிளில் ஏற்றும் வேலை) அங்கேயே நிற்கும்படி ஒரு டெஸ்ட் வையுங்கள்.

பழையதை அழித்து எழுதுவது

வாடிக்கையாளர் ஊர் மாறியதும் பழைய ஊரை அழித்துவிட்டால், போன வருட விற்பனையும் புது ஊரின் கணக்கில் போய்ச் சேரும். வரலாறு வேண்டிய இடத்தில் டைப் 2 என்ற முறை: புது வரிசை, புது சரோகேட் கீ (வேர்ஹவுஸே கொடுக்கும் அடையாள எண்), எந்தத் தேதியிலிருந்து எதுவரை செல்லும் என்ற விவரம். எல்லா ஃபீல்டுக்கும் இது தேவையில்லை. போன் நம்பரின் வரலாற்றை ரிப்போர்ட்டில் யாரும் கேட்பதில்லை.

நள்ளிரவு

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமியுங்கள். ரிப்போர்ட்டில் ‘ஒரு நாள்’ எந்த நேர மண்டலத்தில் முடிகிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

மறு லோடு

ஒரே நாளின் லோடை இரண்டு முறை ஓட்டினாலும் வரிசைகள் கூடக் கூடாது. வெறும் இன்சர்ட் மட்டும் இருந்தால் கூடும். அந்த நாளின் பார்ட்டிஷனை (டேபிளில் அந்த நாளுக்கான பகுதி) முழுதாக மாற்றி எழுதுங்கள், இல்லையென்றால் மெர்ஜ் (வரிசை ஏற்கெனவே இருந்தால் மாற்றும், இல்லாவிட்டால் சேர்க்கும்) போடுங்கள்.