ஆயாவுக்கு மூட்டு வலியா? ‘செட்’ மாத்திரை வாங்கும் முன் பாருங்கள்

“முட்டி வலி, ரெண்டு வேளைக்கு செட் குடுங்க” என்று கேட்டால், வடசென்னையில் ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பல மெடிக்கல்களில் நாலைந்து மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டுத் தருகிறார்கள். அதில் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வகையைத்தான் கீழே ‘வலி மாத்திரை’ என்கிறேன், பாராசிட்டமால் இதில் சேராது. வெட்டிய துண்டில் பல நேரம் பெயர் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. 65 வயதைத் தாண்டியவருக்கு இப்படி வாங்கவே வாங்காதீர்கள். பெயர் தெரியும்படி அட்டையாகக் கேளுங்கள், பில்லும் வாங்குங்கள்.

அடுத்து, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு பரப்பி வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கு வருவது, ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி.யில் வாங்கியது, எதையும் விடாதீர்கள். எனாலாப்ரில், லொசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை ஒருபக்கம், ஃப்ரூஸ்மைடு போன்ற நீர் பிரியும் மாத்திரை இன்னொரு பக்கம் இருந்தால், மூன்றாவதாக வலி மாத்திரை சேரவே கூடாது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியை விரித்து வைப்பது உடம்பிலேயே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதைத் தடுக்கிறது. பிரஷர் மாத்திரையால் வடிகட்டும் அழுத்தம் குறைந்திருக்கும், நீர் மாத்திரையால் உடம்பில் நீரும் குறைந்திருக்கும். மூன்றும் சேரும்போது சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடலாம். மே மாத வெயிலிலும், பேதி, வாந்தி இருக்கும்போதும் இந்த ஆபத்து இன்னும் கூடும். அந்த நாட்களில் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல், வார்ஃபரின், இல்லையென்றால் ஸ்டீராய்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி மாத்திரையால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வந்தவர்களும், இதயம் பலவீனமானவர்களும் டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது. “சாப்பிட்டுட்டுதானே போடுறேன்”, “ஊசிதானே போட்டேன்” என்பதெல்லாம் காப்பாற்றாது. மருந்து ரத்தத்தில் கலந்துதான் வயிற்றின் உள்சுவரைப் பாதுகாக்கும் சளிப்படலத்தைக் கெடுக்கிறது. டாக்டரே எழுதிக் கொடுத்தால், குறைந்த அளவு எது, எத்தனை நாள், கூடவே வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

முதலில் எதைக் கொடுக்கலாம்? மூட்டில் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல். ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. புண்ணில் தடவாதீர்கள், தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இதையும் கேட்டுவிட்டே போடுங்கள். அது போதாவிட்டால் பாராசிட்டமால் 500, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம். மெலிந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் என்றால் இந்த அளவையும் டாக்டரிடம் கேளுங்கள். இங்கேதான் பலர் தவறுவது: அசிக்ளோஃபினாக் ‘பி’ வகை மாத்திரையிலும், காம்பிஃபிளாமிலும் பாராசிட்டமால் 325 ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் பாராசிட்டமாலே என்று தெரியாமல் மேலே டோலோ 650 போட்டால் அளவு எகிறிவிடும்.

வலி மாத்திரையைச் சில நாளுக்கு மேல் போட வேண்டி வந்தால், தொடங்கும் முன்னும் ஒன்றிரண்டு வாரத்திலும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரஷரையும் பாருங்கள், அது ஏறலாம்.

வயசானவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கூச்சப்படாமல் நாம்தான் கேட்க வேண்டும்: “ஆயா, வெளிக்கி தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு போச்சா?” இரும்புச்சத்து மாத்திரையாலும் கருப்பாகும், ஆனால் கெட்ட நாற்றமும் பிசுபிசுப்பும் இருந்தால் அது ரத்தமாக இருக்கலாம். வயிற்று வலியே இல்லாமலும் கசியும். கால் வீக்கம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைவது, தலைசுற்றல் இவையும் அடையாளம்தான். உடனே வலி மாத்திரையை நிறுத்துங்கள். இதயத்துக்குக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கருப்பு மலமோ ரத்த வாந்தியோ வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள், கேஷுவாலிட்டியில் முதலிலேயே சொல்லுங்கள்: எந்த வலி மாத்திரை, எத்தனை நாளாக.