ஐயர் இல்லாத கல்யாணம்: நடத்திப் பார்த்தவன் சொல்வது

போன ஆடியில் என் மகள் கல்யாணத்தைப் பழங்காநத்தத்தில் ஐயர் இல்லாமல் முடித்தேன். நீங்களும் செய்யலாம்.

ஞாயிறு மாலை நாலரைக்கு வையுங்கள். ராகு காலம்; மண்டபம் சல்லிசாகக் கிடைக்கும். “ஞாயிறு லீவே பாதிரிமார் வழக்கம்தானே?” என்று மச்சான் மடக்கினார். இருக்கட்டும், லீவை யார் வேண்டாம் என்பது?

நடத்திவைக்க ஆள் தேடுவதுதான் பாடு. முன்பு எங்கள் தெருவிலேயே நாலு கறுப்புச் சட்டைக்காரர்கள் இருந்தார்கள். எனக்குக் கிடைத்தவருக்கு எண்பது வயது. மைக்கைப் பிடிக்கும்போது கை நடுங்கியது. ஆனால் சட்டப்படி நடத்திவைக்கத் தலைவர் கட்டாயமில்லை. இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்க 1967-இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னால் இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை, மோதிரம், தாலி. மோதிரம்! சர்ச்சில் மாட்டுகிற அதே மோதிரம்தான். மணமக்கள் இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு வேடிக்கை. இல்லையென்றால் மதம் பார்க்காத சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதற்கு 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அழைப்பிதழ், போட்டோ, வயதுச் சான்று, சாட்சிகள் தயாராக இருக்கட்டும்.

அப்புறம், மாப்பிள்ளை வீட்டார் கேக் வெட்டச் சொல்வார்கள். வெட்டிவிடுங்கள்.