விமானம் தாமதமானால் அவசரப்பட்டு நாமே கைவிடும் உரிமைகள்

என் சித்தப்பா சென்ற ஆண்டு டெல்லிக்குப் போகச் சென்னையில் இரவு 9 மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார். விமான நிலையத்துக்குள் நுழைந்த பிறகுதான், விமானம் அதிகாலை 4.30 மணிக்குக் கிளம்பும் என்று குறுஞ்செய்தி வந்தது. அவருக்கு 68 வயது. இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது என்று, நின்ற இடத்திலேயே கைபேசியில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வீடு திரும்பிவிட்டார். ரத்துக் கட்டணம் என்று பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினார்கள். "நான்தானே ரத்து செய்தேன், அவர்களைச் சொல்லி என்ன பயன்?" என்றார்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ, நாம் கேட்பதைத் தர வேண்டும் என்பது, விமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறையும், அங்கே போய்வர வண்டியும் நிறுவனத்தின் பொறுப்பு. சென்னை–டெல்லி போன்ற பயணத்தில் தாமதம் 3 மணி நேரத்தைத் தொட்டாலே உணவு தர வேண்டும். இவ்வளவும் அவருக்கு உரியவை. தானே ரத்து செய்ததால், தாமதமான விமானத்தின் பயணி என்ற நிலையிலிருந்து மனம் மாறி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தவர் என்ற நிலைக்குப் போய்விட்டார்.

ஆகவே விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ வழக்கமான ரத்துப் பக்கத்துக்குப் போகவே கூடாது. கவுண்டருக்குப் போய், "உங்கள் தாமதத்தால் பயணம் செய்யவில்லை, முழுப் பணமும் வேண்டும்" என்று கேளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள்; அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். சித்தப்பா கைபேசியைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தச் செய்தியையும் அழித்துவிட்டிருந்தார். பிறகு நான் கடிதம் எழுத உட்கார்ந்தபோது கையில் ஒரு சான்றும் இல்லை.

இரண்டாவது தவறு நம் ஊர்களில் மிகச் சாதாரணமாக நடப்பது. தெருமுனை டிராவல்ஸில் டிக்கெட் போடச் சொல்கிறோம். ஏஜென்ட் தன் கைபேசி எண்ணையே எல்லா டிக்கெட்டுக்கும் கொடுத்துவிடுகிறார். விமானம் ரத்தான செய்தி அவருக்குப் போகிறது; அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்; நாம் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்கிறோம். இதில் அலைச்சலை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. முன்பதிவின்போது பயணி முறையான தொடர்பு எண் தரவில்லையென்றால் இழப்பீடு கிடையாது என்று விதியே சொல்கிறது. டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் அதில் இருப்பது உங்கள் எண்தானா என்று பாருங்கள். வயதான பெற்றோருக்குப் போடும்போது அவர்கள் எண்ணோ உங்கள் எண்ணோ இருக்கட்டும்.

ரத்துக்கான இழப்பீடு எவ்வளவு என்று தெரியாமலே பலர் திரும்பிவிடுகிறார்கள். உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை என்றால் 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. டிக்கெட் பணம் திரும்பக் கிடைப்பது இதில் சேராது, அது தனி. இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்தைச் சொல்லி, மாற்று ஏற்பாடோ பணமோ தந்துவிட்டால் இந்த இழப்பீடு இல்லை.

இழப்பீடு கேட்கும்போது, "இயக்கக் காரணங்கள்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் நின்றது. அதற்கு யாரிடமும் இழப்பீடு கேட்க முடியாது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கு நிறுவனம் போதிய அளவில் தயாராகாததே முதன்மைக் காரணமாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இயற்கைச் சீற்றமே என்றாலும் இழப்பீடுதான் இல்லாமல் போகும். பறக்காத விமானத்தின் டிக்கெட் பணம் உங்களுடையதுதான். அதைத் தங்களிடமே வரவு வைத்து, பிறகு வேறு டிக்கெட் எடுக்கப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள். ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம், பணமாகவே கேட்கலாம்.

இருக்கைகளை விட அதிக டிக்கெட் விற்றுவிட்டு, நேரத்துக்குப் போன உங்களை ஏற்ற மறுத்தால் அது வேறு கணக்கு. 1 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கும் மேல் என்றால் அதிகபட்சம் 20,000. தாமதமாகப் போனவருக்கு இது பொருந்தாது.

விலை குறைவு என்று திருச்சி–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–லண்டன் இன்னொரு டிக்கெட் என்று எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் இணைப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்கும். மிச்சம் பிடித்த தொகை அந்த ஒரு இரவில் பல மடங்காகக் கரையும்.

ஐரோப்பாவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிராங்க்பர்ட், பாரிஸ் போன்ற இடங்களிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்தினுடையதானாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி பொருந்தும். சென்னை போன்ற நீண்ட தூரத்துக்கு இழப்பீடு 600 யூரோ வரை போகும். இந்திய விதியை மட்டும் நினைத்து அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

பெட்டி வராவிட்டால், உடைந்து வந்தால், வெளியே வருவதற்கு முன்பே பெல்ட் அருகிலுள்ள கவுண்டரில் புகார் எழுதி, பிஐஆர் என்னும் அந்தப் படிவத்தின் நகலை வாங்குங்கள். களைப்பில் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டால், பெட்டி வழியில்தான் கெட்டது என்று நிறுவுவது பெரும்பாடு. சேதத்துக்கு 7 நாள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். அதற்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். நகையையும் மருந்தையும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டிக்கான பொறுப்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய்தான்.

பயணத்துக்கே போகாமல் விட்டவர்களும் ஒன்றைக் கேட்பதில்லை. "திருப்பித் தரப்படாது" என்ற டிக்கெட்டிலும், விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் திரும்ப வர வேண்டும்.

புகாரைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு நிறுத்திவிடுவது கடைசித் தவறு. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கெல்லாம் டெல்லி நீதிமன்றத்தில்தான் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அப்படி அச்சிட்டிருந்த ஒரு நிறுவனத்தின் மீது ஹைதராபாத்தில் வழக்குத் தொடுத்தது செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலிவு விலை நிறுவனம் என்பதால் குறைந்தபட்ச வசதிகளை மறுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, திருநெல்வேலியில் இருப்பவர் திருநெல்வேலியிலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.