மோட்டார்ஹோம் காற்று இணைப்புகள்: பலரும் செய்யும் தவறுகள்

எஞ்சின் பின்பக்கம் இருக்கும் பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில் (வீடு போல வசதி கொண்ட வண்டிகளில்) பிரேக், சஸ்பென்ஷன், ஹாரன், சிலவற்றில் ஓட்டுநர் இருக்கைகூட ஒரே கம்ப்ரெஸ்ஸர் (காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும் கருவி) தரும் காற்றில்தான் இயங்குகின்றன. டயருக்குக் காற்றடிக்க வெளியே விட்டிருக்கும் சின்ன இணைப்பும் அதே காற்றைத்தான் எடுக்கிறது. அதனால் அந்த இணைப்பையும் பிரேக்கின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். பலர் அப்படிப் பார்ப்பதில்லை. அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

புதிதாக ஓர் இணைப்பு வேண்டும் என்றதும், கைக்கு எட்டும் ஏதாவது ஒரு பிரேக் லைனை வெட்டி நடுவில் ஒரு டி (மூன்று பக்கம் திறக்கும் இணைப்பு) மாட்டிவிடுவது முதல் தவறு. துணை உபகரணங்களுக்கான காற்றைப் பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு வழியாகத்தான் எடுக்க வேண்டும். அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் அது அந்தக் கிளையை மூடிவிடும். பிரேக்குக்கு வேண்டிய காற்று தொட்டியிலேயே தங்கும். இந்த வால்வு இல்லாமல் மாட்டிய ஹோஸ் பிய்த்துக்கொண்டால், போவது பிரேக் காற்று. அழுத்தம் சுமார் 60 பி.எஸ்.ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இறங்கும்போது எச்சரிக்கை ஒலிக்கும். அப்புறமும் இறங்கி 45-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ வந்ததும் காற்றழுத்தம் விலக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் பிரேக்குகள் தாமாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஓடும்போது அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது குயிக் கப்ளர், அதாவது ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு. அதற்குள் நுழையும் கால் அங்குல நிப்பிள்களில் இண்டஸ்ட்ரியல், ஆட்டோமோட்டிவ், ஏ.ஆர்.ஓ என்று பல வகைகள் உண்டு. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் சட்டென்று தெரியாது. பூட்டும் குண்டுகள் உட்காரும் பள்ளமும் முனையின் வடிவமும் கொஞ்சம்தான் மாறும். ஒரு வகை நிப்பிளை வேறு வகைக் கப்ளரில் தள்ளினால் சில நேரம் பூட்டாது. சில நேரம் பூட்டியது போலத் தோன்றி, சீறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவது நிலைதான் மோசம்: ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்று நினைத்து ஓ-ரிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். வண்டியில் இருப்பது எந்த வகை என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, எல்லா ஹோஸுக்கும் அதே வகையைப் போட்டுவிடுங்கள். பயன்படுத்தாதபோது மூடி போட்டு வையுங்கள். உள்ளே போகும் மண்தான் ஓ-ரிங்கை அறுக்கிறது.

டெஃப்லான் டேப்பைக் கண்ட இடத்திலெல்லாம் சுற்றுவது இன்னொரு பழக்கம். சரிவான மரை உள்ள இணைப்புக்குத்தான் அடைப்பான் தேவை. ஃப்ளேர் (குழாய் முனையை விரித்து மாட்டுவது), கம்ப்ரெஷன் (வளையத்தை இறுக்கி மாட்டுவது) வகைகளில் காற்றை அடைப்பது முகப்போ வளையமோதான், மரை அல்ல. அங்கே டேப் சுற்றினால் கசிவு கூடத்தான் செய்யும். டேப் தேவைப்படும் இடத்திலும் முனையில் இருக்கும் முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கிழிந்த ஒரு துணுக்கு போதும், உள்ளே போய் ஒரு வால்வு சரியாக மூடாமல் தடுத்துவிடும். மரையில் தடவும் திரவ அடைப்பான் இன்னும் நல்லது.

நைலான் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டித் தள்ளி மாட்டுவதும் வேண்டாம். முனை சாய்ந்தோ நசுங்கியோ இருந்தால் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைக் கீறும். குழாய் வெட்டும் கருவியால் நேராக வெட்டுங்கள். எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டு, கோடு மறையும்வரை தள்ளுங்கள். பிறகு ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். பிரேக் லைனுக்கு வாகன ஏர் பிரேக்குக்கு என்றே சான்று பெற்ற ஃபிட்டிங்தான் போட வேண்டும். தொழிற்சாலைக் கருவிகளுக்கான, தள்ளி மாட்டும் புஷ் ஃபிட்டிங் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், அதிர்வையும் குளிரையும் அதே மாதிரி தாங்காது.

கசிவு தேட காதை மட்டும் நம்பாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் மட்டும் கூடாது. பித்தளை ஃபிட்டிங்கில் நாளடைவில் வெடிப்பு விழவைக்கும். அளந்து பார்க்க ஒரு நல்ல கணக்கு உண்டு. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முழு அழுத்தம் ஏறியதும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். டிரெய்லர் இழுக்காத தனி வண்டிக்கு ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ-க்கு மேல் இறங்கக் கூடாது. பிரேக் பெடலை அழுத்திப் பிடித்த நிலையில் 3. அமெரிக்கக் கனரக ஓட்டுநர் உரிமத் தேர்வில் கேட்கும் அளவு இதுதான்.

ஆனால் கசிவைத் தேடுகிறேன் என்று ஏர் பேக் (சஸ்பென்ஷனின் காற்றுப் பை) மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் நுழையவே கூடாது. ஒரு குழாய் கழன்றால் வண்டி அப்படியே இறங்கும், விலக நேரம் இருக்காது. உறுதியான ஸ்டாண்டுகளை வண்டியின் சட்டகத்துக்கு அடியில் நிறுத்தின பிறகே உள்ளே போங்கள். அழுத்தம் உள்ள லைனில் ஸ்பானரை வைப்பதும் அதே அளவு ஆபத்து. முதலில் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்.

ஏர் ட்ரையர் இருக்கிறதே என்று தொட்டிகளை வடிக்காமல் விடுபவர்கள் நிறைய. ட்ரையர் ஈரத்தை உறிஞ்சும். அதன் கார்ட்ரிட்ஜ் தேய்ந்தபின் ஈரம் நேராகத் தொட்டிக்கு வரும். தொட்டியின் டிரெயின் (வடிகால்) வால்வின் கயிற்றை இழுத்துப் பாருங்கள். காற்று மட்டும் வந்தால் சரி. தண்ணீர் வந்தால் கார்ட்ரிட்ஜைக் கவனியுங்கள். பால் போலக் குழம்பிய எண்ணெய்க் கலவை வந்தால் கம்ப்ரெஸ்ஸர் எண்ணெய் விடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளிர்ப் பகுதிக்குப் போகும்முன் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தேங்கிய நீர் வால்வுக்குள் உறைந்தால் பிரேக் அங்கேயே மக்கர் செய்யும்.

கடைசியாக, டயர். பெரிய மோட்டார்ஹோம் டயர் 100 பி.எஸ்.ஐ-யைத் தாண்டியும் கேட்கும். கவர்னர் (தொட்டி அழுத்தத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் வால்வு) பொதுவாக 120-130 அளவில் கம்ப்ரெஸ்ஸரை நிறுத்தி, 100 வாக்கில் மறுபடி ஓடவிடும். ஹோஸை மாட்டியபின் தொட்டி அழுத்தம் டயரின் அளவுக்கே இறங்கிவிட்டால் காற்று ஏறாது, கம்ப்ரெஸ்ஸரும் கிளம்பாது. இணைப்பு அடைத்துவிட்டது என்று பிரித்துப் போட வேண்டாம். எஞ்சின் ஓட, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக் பெடலைச் சில முறை மிதியுங்கள். அழுத்தம் இறங்கும், கம்ப்ரெஸ்ஸர் கிளம்பும். இப்படி அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால், அந்த அழுத்தத்தைத் தாராளமாகத் தரக்கூடிய தனிக் கம்ப்ரெஸ்ஸர் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்வதே மேல்.